முனகுகிற வண்டி விஷயமாக அண்ணனுக்கு

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணனுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, நான், என் மனைவி மூவரும் சௌக்கியம். வண்டியும் நேற்று முதல் சௌக்கியம். அங்கு நீயும் அண்ணியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் நீ போனை எடுப்பதில்லை. எங்கள் நம்பரைப் பார்த்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று நீ பயந்துவிடுகிறாயாம், அண்ணி சொன்னார்கள். சவ ஊர்தி ஓட்டுகிற வீட்டிலிருந்து போன் வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும், அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்களும் மனுஷங்கதானே அண்ணா, சும்மா சாப்பிட்டியா என்று கேட்கவும் போன் பண்ணுவோம். சரி, போகட்டும். நமக்குப் பெட்டி கொண்டுவருகிற லாரிக்காரர் இன்று சாயங்காலம் உன் ஊர் வழியாகத்தான் போகிறார். வழக்கம்போல அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விடிவதற்குள் உன் கதவைத் தட்டுவார். பயந்துவிடாதே, லாரியில் இருப்பதெல்லாம் காலிப் பெட்டிதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டுப் பதறிக்கொண்டு லீவு போட வேண்டாம். விஷயம் வண்டியின் சத்தம்தான். சத்தத்துக்காகவா இத்தனை பக்கம் என்று கேட்பாய். அப்பாவுக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியாததா? "உசிரோட இருக்கற வரைக்கும் சத்தம், சந்தடி, சண்டை. கடைசி சவாரியாவது நிம்மதியா போகட்டும்டா" என்று ஹாரன் வயரையே பிடுங்கிப் போட்டவர். டாஷ்போர்டில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மயானம் வரைக்கும் ஓட்டினால்தான் டிரைவர் என்று ஒப்புக்கொள்வார். நீ ஓட்டிய அன்று டம்ளர் தண்ணீர் முழுக்க உன் மடியில் கொட்டியது. நீ வண்டியை விட்டு இறங்கி, ஈரக் கால்சட்டையோடு வீட்டுக்கு நடந்து போய், ஆபீஸ் வேலைக்கு மனு எழுதினாய். நான் பாதிக்கு மேல் சிந்தாமல் ஓட்டியதால் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு அவர் எனக்குச் சொன்ன இன்னொரு சட்டமும் உண்டு. "ஓட்டறவன் அழக்கூடாது. கண்ணு மறைச்சா பிரேக் லேட்டாயிடும்." இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், நம் அம்மா உள்பட. ஒருமுறைகூட பிரேக் லேட்டானது கிடையாது.

அவர் படுத்த படுக்கையானது உனக்குத் தெரியும், நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இந்த இதயம் இனிமேல் ரிப்பேர் தாங்காது, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். கட்டிலை முன்னறைக்கு மாற்றி, ஷெட்டைப் பார்த்த ஜன்னலோரமாகப் போட்டோம். அப்பா அங்கே படுத்துக்கொண்டு வண்டி போவதையும் வருவதையும் காதாலேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது கியர் சீக்கிரம் போட்டுவிட்டேன் என்று சாப்பிடும்போது சொல்லுவார். வாய் மட்டும் இன்னும் புது வண்டி மாதிரிதான் இருக்கிறது.

இந்த நிலைமையில்தான் சத்தம் வந்தது. சமதரையில் ஒன்றும் இல்லை. மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு முனகல். விசில் இல்லை, உறுமல் இல்லை. வலியோடு படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது ஒரு சத்தம் விடுவாரே, அது. அடித்தொண்டையில் தொடங்கி, மேலே போய், இழுத்து நிற்கும். காலை எடுத்தால் பெருமூச்சு விட்டு அடங்கும். வேறு எந்த வண்டியில் வந்திருந்தாலும் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். நம் வண்டியில் அப்படி முடியுமா?

முதல்முறை ஒரு ரிட்டையரான தலைமையாசிரியையைக் கொண்டுபோனபோது. நீர்த்தொட்டி மேட்டில் வண்டி ஏறியது, முனகியது. பெட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த மகள், "நிறுத்துங்க, அம்மா கூப்பிடறாங்க" என்றாள். நிறுத்தினேன். பின்னால் வந்த கார்கள் எல்லாம் நின்றன. வண்டியோட சத்தம்தாங்க அது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், நடுரோட்டில் திறந்தோம். டீச்சர் நாங்கள் எப்படி வைத்தோமோ அப்படியே இருந்தார். சொந்தத்தில் நர்ஸாக இருந்த ஒரு அம்மா நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த மகள் இரண்டாவது முறையாகத் தாயைப் பறிகொடுத்தவளாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருமகன் மட்டும் மெதுவாக என் காதோரம் வந்து, "நிச்சயமா இல்லைதானே?" என்று கேட்டார். "நிச்சயமா இல்லைங்க" என்றேன். "ரொம்ப நன்றி" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். ஷெட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற சரிவிலேயே அவருக்குக் கேட்டுவிட்டதாம். "யாரைடா இப்படி முனக வச்சுக் கூட்டிட்டுப் போனே? ஆக்சிலேட்டர்ல கால வைக்கிறியா, கல்ல வைக்கிறியா?" என்றார். என் கால் கனம், என் கை கனம், என் புத்தி மட்டும்தான் லேசு என்று கஞ்சி ஆறுகிற வரைக்கும் அர்ச்சனை. கடைசியில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி ஒரு வார்த்தை சொன்னார். "இந்தச் சத்தம் போற வரைக்கும் நான் போகமாட்டேன். முனகற வண்டியில என்னை ஏத்தாதே." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியக்கூடாது என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம், மனுஷன் வண்டி முதற்கொண்டு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். சமையலறையில் போய் இதைச் சொன்னேன். என் மனைவி பாத்திரத்தை விளக்கியபடியே, "அப்படின்னா விட்டுடுங்களேன். சத்தம் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். நல்ல வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

மெக்கானிக் என்றால் நம் ஸ்க்ரூ டாக்டர்தான், வேறு யார்? ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுச் சீக்கு சொல்லுவாரே, அவர். அவர் பட்டறைத் தரையோ சமதரை. அங்கே எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் வண்டி பச்சைக் குழந்தை போலத் தூங்குகிறது. மேட்டுக்கு ஒரு ரவுண்டு வாங்க, கேட்கும் என்றேன். "உள்ள யாரும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "நேத்து இருந்தாங்கள்ல?" என்றார். என்ன சொல்லியும் ஆள் ஏறவில்லை. "ஏறற காலம் வந்தா நானே ஏறறேன், இப்ப எதுக்குங்க" என்று பின்வாங்கிவிட்டார். ஆகவே நான் வாயால் முனகிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "கொஞ்சம் இழுத்து முனகுங்க" என்றார். இழுத்து முனகினேன். பட்டறையில் பைக் ரிப்பேருக்கு நின்ற ஆட்கள் எல்லாம் சுற்றிக் கூடிவிட்டார்கள். "பெல்ட்" என்றார். பெல்ட் மாற்றினோம். முனகல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. மறுபடி போய் முனகினேன், "பேரிங்" என்றார். மாற்றினோம். மூன்றாம் முறை முனகியபோது, "சத்தம் பின்னாலேருந்து வருதுன்னுதானே வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க? அப்ப சைலன்சர்" என்றார். அதையும் மாற்றினோம். வண்டியில் நானும் அந்த முனகலும்தான் பழசு என்று ஆகிவிட்டது.

இதற்கு நடுவே லாட்ஜில் தனியாகத் தங்கியிருந்த ஒருவர் காலமாகிவிட்டார். ஊரும் தெரியவில்லை, உறவும் தெரியவில்லை. கூட வந்தது லாட்ஜ் மேனேஜர் ஒருவர்தான், அவரும் போகிற வழியெல்லாம் போனில் யாருக்கோ ரூம் போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார். நீர்த்தொட்டி மேட்டில் வண்டி முனகியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மேனேஜர் போனை அணைத்தார். கொஞ்ச நேரம் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தி, "பரவால்லைங்க. இவருக்காக ஒண்ணாவது அழுதுச்சே" என்றார். அது அழுகை இல்லைங்க, சைலன்சர் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. திரும்பி வருகிறபோது அந்த மேட்டில் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தேன்.

அப்பாவோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனால் வண்டி ஷெட்டை விட்டு ஏறுகிற சத்தம் கேட்டால் போதும், அந்த ஒரு முனகலுக்கு எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்ட அவருக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. சத்தம் போகாமலே அவர் போய்விட்டால், அந்த முனகலோடு அவரை ஏற்றிக்கொண்டு நான் எப்படி அந்த மேட்டில் ஏறுவேன்? வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சத்தமில்லாமல் கொண்டுபோன மனுஷன், அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

கடைசியில் என் மனைவிதான், "யாராவது பின்னாடி படுத்துக் கேட்டாத்தான் தெரியும். நான் ஓட்டறேன், நீங்க படுங்க" என்றாள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பெட்டிக்குள்ளிருந்துதான் சத்தம் என்கிறார்கள், பெட்டி வைக்கிற பலகையில் உட்கார்ந்தால் கூரை தலையில் இடிக்கிறது, படுக்கத்தான் வேண்டும். படுத்தேன். இத்தனை வருஷம் முன்னால் உட்கார்ந்தே பழகியவனுக்கு அங்கே படுத்தபோது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி, மரங்கள் தலைகீழாகப் போகின்றன. அவள் ஓட்டுகிற லட்சணத்தில் டம்ளர் என்ன, குடமே கவிழ்ந்திருக்கும். நாற்சந்தியில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் வழக்கம்போல மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். நானும் வழக்கம்போல கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன். எந்த இடத்தில் படுத்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த மனுஷனின் விசில் ரோட்டில் விழுந்து உருண்டதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் நம் வண்டி வந்தால் பச்சை விளக்கு சிவப்பு விளக்கு பார்க்காமல் விட்டுவிடுகிறார்.

மேட்டில் ஏறினோம், முனகியது. பின்னால் படுத்துக் கேட்டபோது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது, சத்தம் முன்னாலிருந்துதான் வருகிறது. கத்தினேன், நிறுத்தினாள். நான் முன்னால் போய் உட்கார்ந்து கிளட்சில் வண்டியை மேட்டிலேயே தாக்குப்பிடித்து நிறுத்தி ரேஸ் பண்ண, அவள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்தாள். ஏர் ஃபில்டர் இருக்கிற கறுப்புப் பெட்டியின் மூடியை உள்ளங்கையால் அழுத்தினாள், முனகல் நின்றது. கையை எடுத்தாள், முனகியது. மறுபடி அழுத்தினாள், நின்றது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நிற்பவள்போல அங்கேயே நின்றாள்.

கிளிப்பைத் தட்டி மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்த ஃபில்டர் இந்த வண்டியுடையதே இல்லை. வேறு ஏதோ மாடலுடையது, ஒரு விரல் அகலம் கட்டை. மிச்ச இடைவெளியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வெள்ளை சாட்டின் துணியில் சுற்றித் தைத்துச் செருகியிருந்தது. ஸ்பாஞ்சு மக்கி உதிர்ந்துபோய், துணியின் ஒரு ஓரம் பிரிந்து நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் மேட்டில் திணறிக் காற்றை இழுக்கும்போதெல்லாம் அந்தச் சந்து வழியாக இழுத்திருக்கிறது, அந்த நாக்கு துடித்திருக்கிறது. என் மனைவி துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது என் தையல். பெட்டி மெத்தைக்கு நான் தைக்கிற துணி" என்றாள். அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடையில் சரியான ஃபில்டர் இல்லை என்றால் இருப்பதை வாங்கிவந்து, சவப்பெட்டி மெத்தையை வெட்டி இடைவெளியை அடைத்து ஒப்பேற்றுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு என் கால் கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சரியான ஃபில்டரை வரவழைத்து நேற்றுக் கொடுத்தார். அது உட்கார்ந்த விதமே வேறு, அண்ணா. சுற்றிலும் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது, கிளிப் எல்லாம் டக் டக்கென்று தானாக விழுந்தது. டாஷ்போர்டில் டம்ளர் தண்ணீர் வைத்து, ஷெட்டுச் சரிவில் ஏறி, நீர்த்தொட்டி மேடு வரைக்கும் போய்த் திரும்பினேன். சொட்டுச் சிந்தவில்லை, மூச்சுச் சத்தம் இல்லை. பெருமையோடு முன்னறைக்குள் போனால் அப்பா, "என்னடா, இன்னும் கிளம்பலையா?" என்கிறார். "போயிட்டே வந்தாச்சுப்பா" என்றேன். நம்பவில்லை. "மறுபடி போ" என்றார். மறுபடி போனேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். "ம். இது வண்டி" என்றார்.

சமயம் பார்த்து ஸ்பாஞ்சு விஷயத்தையும் சொன்னேன். கொஞ்சமாவது கூச்சப்படுவார் என்று பார்த்தேன். "இத்தனை நாள் தாங்குச்சா? நல்ல ஸ்பாஞ்சுதான்" என்றார். பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. "அதுக்காக உன் கால் கனம் இல்லைன்னு ஆயிடாது" என்று சேர்த்துக்கொண்டார். இன்று மதியம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபோது, "பெரியவனுக்கு எழுது. வண்டி ரெடின்னு எழுது" என்றார். வேறென்ன, பெருமைதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எழுத ஆரம்பித்தபோது, "டம்ளர் கதையையும் எழுதினியா?" என்று ஒருமுறை கேட்டார், எழுதிட்டேன்பா என்றேன், சிரித்தார். அதற்குப் பிறகு தூங்கிவிட்டார். பல நாளாக இருமலும் புரளலுமாக இருந்தவர், இன்று அப்படி ஒரு அமைதியான தூக்கம். பேனா கீறுகிற சத்தம்கூடக் கேட்கிறது. சத்தம் போன நிம்மதி அவருக்கும் இருக்கும் அல்லவா?

ஆகவே இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. லீவை வீணாக்காதே, குழந்தைகளின் பரீட்சை முடிந்த பிறகு எல்லோருமாக நிதானமாக வாருங்கள். அண்ணிக்கு என் பணிவான வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசியும், சித்தியின் முத்தமும். நீ போனை மட்டும் எடு.

என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: லாரி வந்துவிட்டது. உறையை ஒட்டுவதற்கு முன்னால் படித்துக் காட்டலாம் என்று அப்பாவைக் கூப்பிட்டேன்.

அண்ணா, மேலே அவர் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிற வரியை அடித்துவிடு. எந்த இடத்திலிருந்து அடிப்பது என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ வீட்டு வாசலில் நின்றபடியே பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொல்லத் தெரிந்தவன் நான், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து ஏர் ஃபில்டரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. இந்தத் தடவை நீ பயந்தது சரிதான்.

என் மனைவி வந்து பார்த்தாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேனே, விட்டுடுங்கன்னு" என்றாள். சத்தம் போகிற வரைக்கும் போகமாட்டேன் என்றார், அண்ணா. ஊரெல்லாம் முனகிக் காட்டி, பாடுபட்டு, நான்தான் அதைச் சரிசெய்து கொடுத்தேன்.

ஷெட்டுக்குப் போனேன். புது ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதை, அந்த ஸ்பாஞ்சோடு, அதே இடத்தில் செருகினேன். ஏன் என்று கேட்காதே. கதவைச் சாத்திக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தேன். அந்த முனகல் வந்தது. அடித்தொண்டையில் தொடங்கி, மேலே போய், இழுத்து நின்றது. மறுபடி தொடங்கியது. லாரிக்காரர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். இன்ஜினை அணைக்கலாம் என்று சாவியைத் தேடினேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

லீவு போடு. லாரியிலேயே ஏறி வந்துவிடு, உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடச்சொல்லி அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீ வருவதற்குள் புது ஃபில்டரைத் திரும்பவும் மாட்டிவிடுவேன், வண்டி சத்தம் போடாது. ஆனால் ஓட்ட வேண்டியது நீதான், எனக்குக் கண் மறைக்கிறது. டம்ளரில் தண்ணீர் பாதிதான் வைப்பேன்.